கையுறை வள்ளல்களின் மெய்க்கீர்த்தி

பாரியையும் பேகனையும் பாடிப் பாடி நம் புலவர்கள் நாவைத் தேய்த்துக்கொண்டது வீண். வள்ளல்களின் எண்ணிக்கையை ஏழோடு மூடியதும் அவசரம். இன்னும் இரண்டாயிரம் ஆண்டு பொறுத்திருந்தால், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களிலிருந்து குளிரூட்டிய பேருந்துகளில் புறப்பட்டுப் பெசன்ட் நகர் கடற்கரையில் வந்திறங்கும் எட்டாவது வள்ளல்களை அவர்கள் கண்குளிரக் கண்டிருப்பார்கள். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுக் கால்நடையாக ஊர் போய்ச் சேர்ந்தான். என்ன திட்டமிடாத செயல்! நம் பெருந்தகைகள் செடிக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். தேரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார்கள். கொடையும் நடக்கும், பேருந்து வாடகை ஒப்பந்தமும் கெடாது. பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தபோது அருகில் படம் எடுக்க ஓர் ஆள் இல்லை. மயில் அதைப் போர்த்திக்கொண்டதா என்பதற்கே இன்றுவரை ஆதாரம் கிடையாது.

ஆண்டுதோறும் செப்டம்பரின் மூன்றாம் சனிக்கிழமை பன்னாட்டுக் கடலோரத் தூய்மை நாள். கடலும் இந்த ஏற்பாட்டை அறிந்து, மற்ற நாட்களின் குப்பையை எல்லாம் அந்த ஒரு காலைக்காகப் பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கும் என்பது ஐதிகம். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் நிற்கிறதே, அதற்கு முன்னால் பேனர் கட்டுவது வழக்கம். வெள்ளை மண்டபம், நீலக் கடல், பச்சைச் சட்டை என்று படம் எடுப்பாக விழும். ஷ்மிட் என்பவர் டென்மார்க் மாலுமி. 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தாம் மூழ்கிப்போனவர். பேனரைக் கட்டிவிட்டுக் குதித்திருக்கலாம். அந்த முன்யோசனை இல்லாததால் அவர் மண்டபமாக நிற்க நேர்ந்தது. முன்யோசனை உள்ளவர்கள் அதன் முன்னால் நின்று சிரிக்கிறார்கள்.

முதலில் அன்னாரின் திருக்கோலம். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே மனிதவளத் துறையிலிருந்து மின்னஞ்சல் புறப்பட்டுவிடும்: உங்கள் சட்டை எந்த அளவு? கடலுக்கு என்ன நோய், அது எங்கிருந்து தொற்றியது என்பன போன்ற சில்லறைக் கேள்விகளால் அந்த ஓலையின் கம்பீரம் குலைக்கப்படுவதில்லை. சட்டை பச்சை நிறம். மார்பில் நிறுவனத்தின் இலச்சினை. முதுகில் பூமியைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கைகள். துணி பாலியெஸ்டர். துவைக்கும்தோறும் நுண்ணிழைகளை உதிர்த்துச் சாக்கடை வழியே கடலுக்கு அனுப்பிவைக்கும் அருங்குணம் அதற்கு உண்டு. கடலிலிருந்து எடுத்ததைக் கடலுக்கே வேறு வடிவில் திருப்பித் தரும் இந்த நன்றியுணர்ச்சியை நான் வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு வியந்த ஔவை, இவர்களுடைய கருவிப் பெட்டியையும் ஒருமுறை கண்டிருக்க வேண்டும். உறை பிரிக்காத இடுக்கிகள். மண்ணின் கறை அறியாத மண்வெட்டிகள். காம்பில் பட்டு நாடா சுற்றிய களைக்கொத்துகள். பால் போல் வெளுத்த கையுறைகள். ஒன்றிலேனும் முனை மழுங்கியிருக்க வேண்டுமே! பக்கத்து வார்டு அலுவலகத்துச் சுவரோரம் சாத்திவைத்திருக்கும் மாநகராட்சித் துடைப்பங்களையோ கண்கொண்டு பார்க்க முடியாது. ஈர்க்கு தேய்ந்து பாதியாகி, கம்பு முறிந்து, முறிந்த இடத்தில் சணல் கட்டிக் கிடக்கும். தினமும் எடுத்துப் பெருக்கினால் பிறகு எப்படி அழகாக இருக்கும்?

அந்தத் துடைப்பங்களுக்கு உரியவர்களையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், வரவேற்புரையில் அவர்கள் பெயர் விட்டுப்போவது வழக்கம் என்பதால். தொண்டு நடக்கும் நாளில் கடற்கரை எந்த அளவுக்கு அழுக்காக இருக்க வேண்டும் என்பது நுட்பமான கணக்கு. ஒரேயடியாகச் சுத்தமாக இருந்தால் வந்தவர்களுக்கு வேலை இல்லை. உள்ளபடியே இருந்தால் வந்தவர்கள் நிற்க முடியாது. ஆகவே விடியுமுன் தூய்மைப் பணியாளர்கள் வந்து அழுகியது, நாறுவது, நாய் இழுத்துப் போட்டது எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, காய்ந்த பாட்டில்களையும் தின்பண்ட உறைகளையும் மட்டும் மணலில் விட்டுவைப்பார்கள். விருந்தாளிக்கு முள் எடுத்த மீனை வைப்பது நம் பண்பு. இதே பணியாளர்கள் 2025 ஆகஸ்டில், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலை தனியாரிடம் போவதை எதிர்த்து, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அன்றிரவு நம் வள்ளல்கள் அங்கு எட்டிப்பார்க்கவில்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். அது புதன்கிழமை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கண்ட கிழமையிலும் செய்வதற்குச் சமூக அக்கறை என்ன கூலி வேலையா?

தொண்டு தொடங்கும் முறை, பழைய அரண்மனைகளில் முடிசூட்டு விழா நடந்த ஒழுங்கை நினைவூட்டும். முதலில் தலைமை நிர்வாகி பேசுவார். பூமி நம் முன்னோரிடமிருந்து பெற்றதன்று, பிள்ளைகளிடமிருந்து வாங்கிய கடன் என்பார். கடனை எப்படித் தள்ளிப்போடுவது என்று அறிந்த நிதித்துறைத் தலைவர் அருகில் நின்று தலையசைப்பார். பிறகு உறுதிமொழி. பிறகு ட்ரோன் எழும்பும். எல்லோரும் அண்ணாந்து கையசைப்பார்கள். வானத்திலிருந்து பார்த்தால் நிறுவனப் பெயரின் முதல் எழுத்து தெரியும்படி மணலில் நிற்க வேண்டும். இதில்தான் நாற்பது நிமிடம் போய்விடும், பாவம். அதன்பின் குனிதல். ஒரு பாட்டிலை ஒருவர் எடுக்க, இருவர் பையைப் பிடிக்க, நால்வர் படம் பிடிக்க, நடைபெறும் அந்தக் கூட்டுறவை நம் கூட்டுறவுச் சங்கங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். இடையே தாகம் எடுக்கும். கை அடக்கமான சின்ன தண்ணீர் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக இறங்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பட்டியலில் இந்தப் பாட்டில் இல்லை. எனவே சட்டத்தை மதிப்பதில் அன்னாருக்கு நிகர் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

முடிவில் மூட்டைகள் நிறுக்கப்படும். ஈர மணலும் சேர்ந்தே தராசில் ஏறும். குப்பையை மட்டும் எடுப்பவன் சாதாரணத் தொண்டன். கடற்கரையில் ஒரு பகுதியையே அள்ளிக்கொண்டு போகிறவன் வள்ளல். எடை அறிவிக்கப்பட்டதும் கைதட்டல் எழும். பிறகு அட்டைப் பெட்டியில் பொங்கல், வடை, அலுமினியத் தாளில் மூடிய கேசரி. மூட்டைகள் எங்கே போகின்றன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்க் குவிந்த இடம் பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் மடியில். அப்படிப்பட்ட சதுப்புகளைக் காப்பாற்றுவதற்கும் ஒரு நாள் இருக்கிறது, பிப்ரவரி 2. அதற்கும் சட்டை உண்டு. அது நீல நிறம்.

இத்தனையும் அவரவர் தாமாக முன்வந்து செய்வது. யாரையும் யாரும் வற்புறுத்துவதில்லை. வர இயலாதவர்கள் தத்தம் மேலாளரிடம் நேரில் காரணம் சொல்லலாம் என்று மின்னஞ்சலே பெருந்தன்மையோடு வாசலைத் திறந்து வைத்திருக்கும். ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் தொண்டு என்ற இலக்கு ஆண்டிறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டமாக நிற்கும். வெள்ளி இரவு இரண்டு மணிவரை அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிவிட்டு, சனி விடியலில் பேருந்துக்கு ஓடும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளையின் கண்களைப் பாருங்கள். சிவந்திருக்கும். சுற்றுச்சூழலுக்காக அழுத கண்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதற்குக் காம்ப் ஆஃப் உண்டா என்று சென்ற முறை கேட்டவன் அடுத்த முறை குழுப்படத்தில் காணப்படவில்லை என்றால், அதற்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாததுதான் காரணமாக இருக்கும்.

சட்டத்துக்கு அஞ்சிச் செய்கிறார்கள் என்று சிலர் புறங்கூறுவதுண்டு. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் கட்டச் சொன்னதைக் கட்டிவிட்டு, கட்டிய இடத்தில் பெயர்ப்பலகை வைத்து, திறப்பு விழா நடத்தி, பொன்னாடையும் போர்த்திக்கொள்ளும் கலை வருமான வரி கட்டும் நம்மைப் போன்ற பாமரர்களுக்குக் கைவரவில்லை. நாம் வரி கட்டிய ரசீதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறோமா? இல்லை. நம்மிடம் பணிவு அதிகம், அதனால்தான் முன்னேறவில்லை.

பழைய காலத்து மனிதர்களிடம் இந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்று ஒரு குழு வைத்தார்கள். குடவோலையிட்டு ஆளைத் தேர்ந்தார்கள். அது போகட்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய உறவினரும் நிற்கக் கூடாது என்று விதி செய்து கல்லிலும் வெட்டினார்கள். எத்தனை குறுகிய மனம்! ஏரிக்கு உழைத்தவனிடம் கணக்குக் கேட்பதா? இன்று ஐந்தாயிரம் கன்று நட்டோம் என்று அறிவிக்கிறவரிடம், போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்கும் பண்பற்றவர் ஒருவரையும் மேடையில் காண முடியாது. ஆண்டறிக்கையில் நட்ட கன்றுக்குத்தான் பத்தி உண்டு. பட்ட கன்றுக்கு இல்லை. அதே குழியில் அடுத்த ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று அடுத்த கன்று வைக்கப்படும்போது பழைய குச்சியைப் பிடுங்கி ஓரமாகப் போட ஒரு தோட்டக்காரர் இருப்பார். குழி ஒன்று, கன்று பல, புகழ் அனந்தம்.

இனிப் பள்ளிக்கரணை. இந்த மெய்க்கீர்த்தியின் உச்சம் இதுவே. சற்று நின்று பாட வேண்டும்.

ஊர்க்காரர்கள் கழுவெளி என்று அழைத்த அந்த நிலம் ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் எல்லாம் அதில் இறங்கி, தங்கி, நிதானமாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடலைத் தொடும். பூநாரையும் கூழைக்கடாவும் நீளவால் இலைக்கோழியும் வாடகை தராமல் குடியிருந்தன. இப்படிப் பத்துப் பைசா வருமானம் இல்லாமல் கிடந்த நிலத்துக்குப் பின்னர் நற்காலம் பிறந்தது. குப்பைமேடு வந்தது. ரயில் நிலையம் வந்தது. சதுப்பை ஊடறுத்துக்கொண்டு பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வந்தது. ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, அடுக்குமாடி வந்தது, கண்ணாடி முகப்பு வைத்த மென்பொருள் மாளிகைகள் வந்தன. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கும்போது எல்லை கட்டிப் பார்த்தால் மிஞ்சியது ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். ஐம்பது சதுர கிலோமீட்டர் என்பது 5,000 ஹெக்டேர். மீதி எங்கே என்று தேட வேண்டியதில்லை. அதன்மேல்தான் நம் வள்ளல்கள் அமர்ந்து, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று கலந்தாலோசிக்கிறார்கள். காக்கப்பட வேண்டிய பொருளின் மேலேயே உட்கார்ந்து காவல் காப்பதைவிடப் பத்திரமான காவல் உண்டோ?

அந்த மாளிகைகளில் ஒன்றின் ஏழாம் மாடிக் கூட்ட அறையில் ஒரு பெரிய சன்னல் இருக்கும். அதன் வழியே பார்த்தால் மிச்சமிருக்கும் நீர்ப்பரப்பு தெரியும். 'லேக் வியூ' என்று அதற்கு வாடகையில் தனி மதிப்பு. பறவைகளும் ஒத்துழைக்கின்றன, குளிர்காலத்தில் வந்திருக்கும் வெளிநாட்டு விருந்தினருக்குச் சரியாகத் தேநீர் இடைவேளையில் பறந்து காட்டுகின்றன. இந்தக் காட்சியில் நெகிழ்ந்துதான் 'நம் சதுப்பை நாமே காப்போம்' என்ற திட்டம் பிறந்தது. திட்டம் என்னவென்றால், மரம் நடுவது. சதுப்பு கேட்டது தண்ணீர் வரும் வழி. அதற்குக் கிடைத்தது வேம்பும் புங்கனும். திறந்த நீரும் கோரையும் சேறும் வேண்டி வந்து நிற்கும் கொக்குக்கும் உள்ளானுக்கும் ஜப்பானிய மியாவாக்கி முறையில் நெருக்கமாக ஒரு காடு. மயிலுக்குக் குளிருமா என்று பேகன் கேட்டானா? கேட்கவில்லை. அப்படியானால் இவர்களும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மரபு பிறழாமல் இருக்கிறார்கள்.

தண்ணீர் மட்டும் கொஞ்சம் நாகரிகமற்றது. தன் பழைய வீட்டை அது மறப்பதில்லை. 2015 டிசம்பரில் வந்து பார்த்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முதல் மாடிவரை ஏறி விசாரித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு திரும்பி வந்தது; பெரும்பாக்கத்தில் நாட்கணக்கில் போக மறுத்தது. அப்போதுதான் அன்னாரின் கருணை மடை திறந்தது. ரொட்டிப் பொட்டலம், பால் பவுடர், போர்வை, மெழுகுவத்தி. ஒவ்வொன்றின் மீதும் இலச்சினை. மொட்டைமாடியில் மூன்று நாள் மழையில் நனைந்து நின்ற தாய்க்கு, தன் பிள்ளைக்கு பிஸ்கட் தந்தவர் யார் என்ற ஐயம் எழக் கூடாதல்லவா. அவள் வீட்டுக்குள் தண்ணீரைத் தந்தவர் யார் என்பதை மட்டும் எந்தப் பொட்டலத்திலும் அச்சிடவில்லை. வலக்கை தருவதை இடக்கை அறியக் கூடாது என்பார்கள், அந்த அடக்கம் அவர்களுக்குச் சரியான இடத்தில் வாய்த்திருக்கிறது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025இல் குறுக்கே புகுந்தது. ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதி கூடாது, தாக்கம் எதுவரை என்று அளந்து முடிக்கட்டும் என்றது. சதுப்பைக் காக்க விரும்புவோர் இனிமேல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று காக்க வேண்டுமாம். எவ்வளவு மனம் நொந்திருப்பார்கள்! ஆனால் ஒன்று. உறுதிமொழி எடுத்தவர்களில் எவரும் அந்தத் தீர்ப்பாயத்துக்கு நன்றி சொல்லிப் பேனர் கட்டியதாக நான் பார்க்கவில்லை. தற்பெருமை பிடிக்காதவர்கள்.

வீட்டு விஷயத்திலும் அவர்களுடைய அடக்கம் அப்படியே. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவரை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் குப்பையைத் தரம் பிரித்து, மக்குவதைக் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே மக்கச் செய்ய வேண்டும் என்றன. மூவாயிரம் பேர் மதியம் சாப்பிடும் உணவுக்கூடத்தின் பின்கதவில் சாம்பாரும் காகிதக் கோப்பையும் ஒரே டிரம்மில் சங்கமிக்கும் காட்சியை, முன்கதவு வழியாகக் கடற்கரைக்குக் கிளம்பும் பேருந்திலிருந்து பார்க்க முடியாது. கட்டடத்தின் வாஸ்து அப்படி. ஊரார் குப்பையை ஊட்டி வளர்த்தால் தன் குப்பை தானே மக்கும் என்ற நம்பிக்கையும் காரணமாகலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உயர்வு விளங்கும் என்பதால், தொண்டு செய்யத் தெரியாத சிலரையும் சொல்லிவிடுகிறேன். 1988 முதல் சென்னையில் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை, நடுநிசியில் மணலில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பது இவர்கள் வேலை. இருட்டில் நடக்கிறார்கள். வெளிச்சம் ஆமையைக் குழப்பும் என்பதால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதில்லை. படமே இல்லாமல் எப்படி அதைச் செய்ததாக ஆகும்? 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தார்களாம் இப்படிப்பட்டவர்கள். நாற்றத்தில் நின்று பிணத்தை எண்ணுவது குழு ஒற்றுமையை வளர்க்குமா? மனிதவளத் துறை இதை ஒப்புக்கொள்ளாது.

எண்ணூர்க்காரர்கள் இன்னும் மோசம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு ஆற்று முகத்துவாரத்தில் பரவியபோது, அந்த ஊர் மீனவர்கள் படகில் போய் வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை வழித்தெடுத்தார்கள். கையுறை பிறகுதான் யோசனைக்கு வந்தது. சட்டை முழுக்கக் கறுப்பு. அதில் எந்தச் சின்னத்தை அச்சிட்டாலும் தெரிந்திருக்காது. அவர்களுக்கு அது தொண்டும் அன்று. நாளைக்கு வலை போட வேண்டிய தண்ணீர் அது, அவ்வளவுதான். இப்படிச் சுயநலத்தோடு ஆற்றைச் சுத்தம் செய்கிறவர்களை விருதுக் குழுவினர் கண்டுகொள்ளாமல் விட்டதில் நியாயம் இருக்கிறது. பெசன்ட் நகரிலிருந்து எண்ணூர் ரொம்ப தூரமும்கூட. பேருந்து போய்வர மதியமாகிவிடும், பொங்கல் ஆறிப்போகும்.

விருது என்றதும் நினைவு வருகிறது. பசுமைத் தலைமைக்கான விழாக்கள் நட்சத்திர விடுதியில்தான் நடக்கும். போர்வை போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ச்சியான அரங்கு. தோற்றவர் என்று யாரும் அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை. நீர்ச் சேமிப்புக்கு ஒன்று, எரிசக்திச் சிக்கனத்துக்கு ஒன்று, ஊழியர் பங்கேற்புக்கு ஒன்று என்று வகைகள் தாராளம். கேடயம் அக்ரிலிக், நூற்றாண்டுகள் மக்காது. நம் பேரப்பிள்ளைகள் சதுப்பைப் பார்க்க முடியாமல் போகலாம், அந்தக் கேடயத்தை அவசியம் பார்ப்பார்கள்.

இவ்வளவு புகழையும் ஏற்றருளும் பெருமக்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த பிப்ரவரி 2 அன்று சதுப்பின் கரைக்கு எழுந்தருளும்போது, பேனருக்குப் பின்னணியாகப் பூமிப்பந்து வேண்டாம். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தங்கள் அலுவலகக் கட்டடம் நிற்கும் மனையின் சர்வே எண்ணையும், வருவாய்த் துறையின் பழைய 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நிலத்தின் வகை என்னவென்று எழுதியிருக்கிறதோ அந்த வரியையும், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். தாலுகா அலுவலகத்தில் நகல் கிடைக்கும். கட்டணம் மிகக் குறைவு.